பிசின் களிம்பு போட்டால் நோய் எதிர்ப்பு கூடுமா?

மரப்பிசின் சேர்த்த காயக் களிம்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். ஒன்று, "இயற்கையானது, ஒன்றும் பண்ணாது." இன்னொன்று, "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்." சில பேர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஒன்றும் பண்ணாத பொருள் எதிர்ப்புச் சக்தியை மட்டும் எப்படிக் கூட்டும் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எதிர்த்தரப்பும் சளைத்ததில்லை: "அதெல்லாம் கட்டுக்கதை, தூக்கிப் போடு" என்று ஒரேயடியாக முடித்துவிடுகிறார்கள்.

பிசின் தோலில் நிறையவே பண்ணுகிறது என்பதுதான் விஷயம். கிருமியை அடிக்கிறது, காயத்தை மூடி ஈரம் காக்கிறது, சிலருடைய உடலைப் பிசினுக்கு எதிராகவே திருப்பியும் விடுகிறது. இந்த மூன்றாவது வேலையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, அதனால் அதில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன்.

முதலில், எது பிசின்?

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. தமிழில் வேலம் பிசினும் பிசின்தான், குங்கிலியமும் பிசின்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு சாதி. சோதிப்பது சுலபம்: வேலம் பிசினைத் தண்ணீரில் போட்டால் ஊறி, கரைந்து, கோந்தாகிவிடும். அது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த ஒரு பொருள். சாம்பிராணிக் கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நாள் முழுக்கக் கிடந்தாலும் கட்டியாகவே இருக்கும். எண்ணெயிலோ ஸ்பிரிட்டிலோ போட்டால்தான் இளகும், சூடு காட்டினால் உருகி மணக்கும். சாம்பிராணி, குங்கிலியம், பைன் மரத்தில் வடிவது எல்லாம் இந்த இரண்டாவது வகை. இந்தக் கட்டுரையில் பிசின் என்று சொல்வது இதை மட்டும்தான். கிள்ளினால் பால் மாதிரி வடிகிறதே, அது மூன்றாவது சாதி, அதை விட்டுவிடுவோம்.

பைன் மரப்பட்டையில் புதிதாக வடிந்த சொட்டைக் கிட்டப்போய்ப் பார்த்தால் கண்ணாடி மாதிரித் தெளிவாக, தேன் பதத்தில், மூக்கில் ஏறும் வாசனையோடு இருக்கும். விரலால் தொட்டுவிட்டால் தொலைந்தது, எத்தனை முறை கழுவினாலும் போகாது, கொஞ்சம் எண்ணெய் தேய்த்தால்தான் விடும். சில நாள் கழித்து அதே சொட்டைப் பார்த்தால் மங்கி, கெட்டியாகி, உடைகிற பதத்துக்கு வந்திருக்கும். வாசனையாகப் பறந்துபோகும் பகுதிதான் டர்பன்டைன். பின்னால் தங்கிவிடும் கெட்டிப் பகுதிக்கு ரோசின் என்று பெயர், வயலின் வில்லில் தேய்க்கும் அதே ரோசின். அதில் பெரும்பங்கு பிசின் அமிலங்கள் எனப்படும் கொழுப்போடு ஒட்டும் மூலக்கூறுகள், அவற்றில் முக்கியமானது அபியெடிக் அமிலம். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு வில்லனாகத் திரும்பி வருவார்.

மரம் இதை நமக்காகச் செய்யவில்லை. பட்டையைத் துளைக்கும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் எதிராக ஊற்றுகிறது. வண்டு சொட்டுக்குள் மாட்டிச் சாகும், ஓட்டையும் அடைபடும். "மரத்தின் காயத்தை ஆற்றுகிறது, அப்படியானால் நம் காயத்தையும் ஆற்றும்" என்று ஒரு வாதம் உண்டு, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மரம் காயத்தை ஆற்றுவதே இல்லை. கெட்டுப்போன பகுதியை அடைத்து ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றிப் புதிதாக வளர்ந்துகொள்கிறது. பழைய வெட்டு உள்ளே அப்படியே இருக்கும். நம் தோல் வேலை செய்யும் விதம் வேறு.

காயத்துக்குள் நடக்கும் வேலை

ஒரு வீட்டில் தீப்பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தீயணைப்பு ஆட்கள் வருகிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள், கதவை உடைக்கிறார்கள், கொஞ்சம் நாசம் செய்துதான் ஆக வேண்டும். அப்புறம் இடிபாடு அள்ளுபவர்கள். அதற்குப் பிறகுதான் கொத்தனார். காயத்திலும் இதே வரிசைதான். இரத்தம் உறைந்து ஓட்டை அடைபட்ட சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வந்து கிருமிகளைத் தாக்கும். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய அணுக்கள் சேர்ந்துகொண்டு குப்பையை விழுங்கும், பிறகு தாங்களே குணம் மாறி "சரி, இனிக் கட்டலாம்" என்ற சமிக்ஞையையும் அனுப்பும். அதைக் கேட்டுத்தான் புதிய இரத்தக் குழாய்களும் தோலும் வளரும்.

முதல் கட்டத்தில் காயம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அதற்குப் பெயர் அழற்சி. அது நோயல்ல, வேலை நடக்கிறது என்பதற்கான சத்தம். பிரச்சினை எப்போது என்றால், தீ அணைந்த பிறகும் தீயணைப்பு ஆட்கள் போகாமல் நின்று தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தால். கொத்தனார் வைக்கிற செங்கல் எல்லாம் கரைந்துபோகும். மாதக்கணக்கில் ஆறாத கால் புண், படுக்கைப் புண் இவற்றில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அங்கே எதிர்ப்பாற்றல் குறைந்து போய்விடவில்லை, ஒரே கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இப்போது "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்ற வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். எதைக் கூட்டும்? தீயணைப்பையா, கொத்தனாரையா? முதல் நாளிலா, முப்பதாம் நாளிலா? எதிர்ப்பாற்றல் தண்ணீர்த் தொட்டி அல்ல, மட்டம் ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று சொல்ல. ஒவ்வாமைகூட எதிர்ப்பாற்றல் கூடியதன் விளைவுதான்.

சுருக்கமாக: பிசின் என்பது தண்ணீரில் கரையாத, எண்ணெயில் கரையும் மரக்கசிவு. காயம் ஆறுவது வரிசையாக நடக்கும் வேலை. எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கமாகத் தள்ளுகிறது என்று தெரியாமல் "எதிர்ப்பு கூடும்" என்பதில் பொருளே இல்லை.

பிசின் உள்ளே போய் என்ன செய்கிறது?

கிருமியிலிருந்து தொடங்குவோம். பாக்டீரியாவைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது, அதன் இரு பக்கமும் மின்னழுத்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான் அது பிழைக்கிறது. பிசின் அமிலங்கள் கொழுப்போடு ஒட்டும் சாதி என்றோம் அல்லவா, அவை அந்தச் சவ்வில் புகுந்து அழுத்தத்தைக் கசியவிடுகின்றன. பேட்டரி தீர்ந்த டார்ச் மாதிரி ஆகிவிடும். ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் மரத்தின் பிசினை வைத்து ஃபின்லாந்தில் செய்த ஆய்வுகளில், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற சீழ் பிடிக்க வைக்கும் கிருமியின் செல் சுவர் தடித்துப்போவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ வகைகூட ஆய்வகத்தில் அடங்குகிறது.

ஆனால் சில பாக்டீரியாக்களுக்குச் சவ்வுக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு, மழைக்கோட்டு மாதிரி. கிராம் நெகட்டிவ் என்பார்கள். ஆறாத புண்களில் அடிக்கடி குடியேறும் சூடோமோனாஸ் இந்த வகை. இவற்றிடம் பிசின் அவ்வளவாகப் பலிப்பதில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள்: நம் செல்களுக்கும் கொழுப்புச் சவ்வுதான். கிருமியை அடிக்கும் பொருள் அளவு மீறினால் புதிதாக முளைக்கும் தோல் செல்லையும் அடிக்கும். ஆய்வகத் தட்டில் கிருமி செத்தது என்ற செய்தியை மட்டும் வைத்துக் காயம் ஆறும் என்று சொல்ல முடியாதது இதனால்தான். தட்டில் கிருமியைக் கொல்ல பிளீச்சிங் பவுடர்கூடப் போதும்.

அடுத்தது மூடுவது. இது சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் களிம்பின் பெரும்பங்கு பலன் இங்கேதான் இருக்கக்கூடும். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றித் தோலில் சிறு காயங்கள் செய்து, பாதியைக் காற்றில் காயவிட்டார், பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரமாக வைத்தார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத் தோல் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது, ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. வெறும் வாசலினும் இந்த வேலையைச் செய்யும். அதனால் ஒரு பிசின் களிம்பு வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பிசின் இல்லாத அதே களிம்போடு ஒப்பிட்டார்களா என்பதுதான்.

மூன்றாவது, சமிக்ஞைகளை அசைப்பது. குந்திரிக்கப் பிசினில் உள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் அழற்சியைத் தூண்டும் லூகோட்ரையீன் என்ற பொருள்களின் உற்பத்தியைத் தடுக்கின்றன, பெரும்பாலும் ஆய்வகத்தில் கண்டது இது. அப்படியானால் அழற்சியைக் குறைப்பதுதான் நல்ல களிம்பின் அடையாளமா? அதுவும் இல்லை. பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுக்கும் ட்ரைடெர்பீன் என்ற பொருள்களை (பிசினே அல்ல, ஆனால் ஒன்றுவிட்ட சொந்தம்) தோல் செல்களில் சோதித்தபோது, அவை சில அழற்சிச் சமிக்ஞைகளை முதலில் கொஞ்ச நேரத்துக்குக் கூட்டின. தூங்கும் தீயணைப்பு நிலையத்தில் மணியடித்த மாதிரி. ஒரே வாக்கியத்தில் கூட்டும், குறைக்கும் என்று சொல்லிவிட முடியாத சமாச்சாரம் இது.

மனிதர்களில் சோதித்தார்களா?

சோதித்திருக்கிறார்கள், கொஞ்சமாக. ஃபின்லாந்தில் ஸ்ப்ரூஸ் பிசின் களிம்பைப் படுக்கைப் புண்ணில் போட்டுப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. 37 நோயாளிகள், ஆறு மாதம். கடைசிவரை நின்றவர்களில் பிசின் போட்ட 13 பேரில் 12 பேருக்குப் புண்கள் முழுக்க ஆறின, வழக்கமான நவீனக் கட்டுப் போட்ட 9 பேரில் 4 பேருக்கு. பார்த்ததும் அசத்தும் எண்தான். ஆனால் 37 பேரில் 22 பேர்தான் முடிவுவரை வந்தார்கள், ஒப்பீடும் பிசின் இல்லாத களிம்போடு அல்ல, வேறு வகைக் கட்டோடு. நம்பிக்கை தருகிறது என்று சொல்லலாம், அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

பிர்ச் பட்டை ஜெல் இன்னும் கறாராகச் சோதிக்கப்பட்டது. எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பிறவி நோயில் தோல் லேசாக உரசினாலே உரிந்துவிடும். அந்த நோயுள்ள 223 பேரில், ஒரு பாதிக்கு ஜெல், மறுபாதிக்கு மருந்து சேராத ஜெல். 45 நாளுக்குள் குறித்த காயம் மூடியது மருந்து ஜெல்லில் 41.3 சதவீதம் பேருக்கு, மற்றதில் 28.9 சதவீதம் பேருக்கு. அசத்தல் ஒன்றும் இல்லை, ஆனால் நேர்மையான எண், ஏனென்றால் வெறும் ஜெல்லே எவ்வளவு செய்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இலும் அமெரிக்கா 2023இலும் இதை மருந்தாக ஏற்றன. தரப்படுத்தி, கிருமி நீக்கி, டியூபில் அடைத்த அந்த ஜெல்லை ஏற்றார்கள் என்பதைக் கவனியுங்கள். மரப்பட்டையைச் சுரண்டிக் காய்ச்சிய எதையும் அல்ல.

சுருக்கமாக: கிருமியை அடிப்பது உண்மை, எல்லாக் கிருமியையும் அல்ல. ஈரமாக மூடுவது உண்மை, அதை வாசலினும் செய்யும். மனித ஆய்வுகள் சில உண்டு, அவை குறிப்பிட்ட தயாரிப்புகளுக்கு மட்டும் பொருந்தும்.

வில்லன் திரும்பி வருகிறார்

என் கதை ஒன்று. முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்பு, நண்பர் கொடுத்த பிசின் களிம்பு. முதல் ஒரு வாரம் அருமையாக ஆறியது, பார்க்கிறவர்களிடம் எல்லாம் காட்டினேன். பத்தாம் நாள் வாக்கில் அரிக்க ஆரம்பித்தது. "ஆறுகிற புண் அரிக்கத்தானே செய்யும்" என்று இன்னும் கொஞ்சம் பூசினேன். மறுநாள் சிராய்ப்பைச் சுற்றிச் சிவப்பு, பொடிப் பொடிக் கொப்புளம். "உள்ளே இருக்கிற விஷம் வெளியேறுகிறது" என்று நண்பர் தைரியம் சொன்னார், நானும் நம்பி இன்னும் கொஞ்சம் பூசினேன். மூன்றாம் நாள் சிராய்ப்பு இருந்த இடமே தெரியவில்லை, கால் முழுக்கச் சிவப்பு. ஒரு வாரம் ஒத்துக்கொண்ட பொருள் பத்தாம் நாள் எப்படிப் பகையானது?

பிசினில் இருக்கும் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவ்வளவு சிறியதை எதிர்ப்பாற்றல் வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அபியெடிக் அமிலம் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால், நம் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை அதற்கு வந்துவிடுகிறது. வீட்டு ஆளுக்கு ஒட்டு மீசை வைத்துவிட்ட மாதிரி. வாசலில் நிற்கும் காவல்காரனுக்கு ஆளே புதிதாகத் தெரிகிறது. இப்படித் தானாகக் கவனம் ஈர்க்காமல், புரதத்தோடு ஒட்டியதும் அந்நியனாகத் தெரியும் சிறு மூலக்கூறுக்கு ஹாப்டன் என்று பெயர்.

தோலில் ரோந்து சுற்றும் செல்கள் இந்த மீசைக்காரனின் அடையாளத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்கு அதைக் காட்டி, "இவனைக் கண்டால் விடாதே" என்று பழக்குகின்றன. இந்தப் பயிற்சிக்கு ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது, களிம்பு அருமையாக வேலை செய்வதாகவே தோன்றும். பயிற்சி முடிந்த பிறகு அதே பொருள் பட்டால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் அரிப்பு, சிவப்பு, கொப்புளம். இதுதான் தொடுகை ஒவ்வாமை. இந்த நினைவு ஆண்டுக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுக்க, அழிவதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் காயக் களிம்பு படும் இடம். நல்ல தோலுக்கு மேலே ஒரு சுவர் இருக்கிறது, காயத்தில் அது இல்லை. தீயணைப்பு ஆட்களும் ஏற்கெனவே விழிப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். உடலுக்குப் பகையை அறிமுகம் செய்து வைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. நாள்பட்ட கால் புண் உள்ளவர்களைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில், பாதிப் பேர் அல்லது அதற்கும் மேல், பூசிய ஏதோ ஒரு பொருளுக்காவது ஒவ்வாமை வளர்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பெரு பால்சம் என்று ஒரு பிசின், பெயர்தான் பெரு, எடுப்பது மத்திய அமெரிக்காவில், குறிப்பாக எல் சால்வடாரில். ஒரு காலத்தில் காயக் கட்டிலும் மூலநோய்க் களிம்பிலும் தாராளமாகச் சேர்த்தார்கள். இன்று அது முதன்மையாக ஒவ்வாமைச் சோதனைக்கான பொருளாகத்தான் தோல் மருத்துவர்களிடம் பெயர் வாங்கியிருக்கிறது. பிளாஸ்திரி நன்றாக ஒட்டத் தடவும் சாம்பிராணி டிங்சரும், தேனீக்கள் மர மொட்டுகளின் பிசினைச் சேகரித்துச் செய்யும் புரோபோலிஸும் இதே பட்டியலில் உண்டு.

ஒரு பிசினோடு கதை முடிவதும் இல்லை. ரோசினுக்குப் பழகிவிட்ட உடல், ரோசின் ஒளிந்திருக்கும் பிளாஸ்திரிப் பசைக்கும் மஸ்காராவுக்கும் பொங்கும். பெரு பால்சத்துக்குப் பழகியது வாசனைத் திரவியங்களுக்கும் பொங்கலாம்.

எரிச்சலும் ஒவ்வாமையும் ஒன்றல்ல

பூசியவுடனே எரிகிறது, கழுவினால் அடங்குகிறது என்றால் அது பெரும்பாலும் எரிச்சல். அளவைக் கூட்டினால் யாருக்கும் வரும், நினைவு எதுவும் தங்காது. ஒவ்வாமை தாமதமாக வரும், எரிவதைவிட அரிக்கும், பூசிய எல்லையைத் தாண்டிப் பரவும், துளி பட்டாலும் போதும். கட்டுக்கு அடியில் சதுரமாக, பிளாஸ்திரியின் அச்சு அப்படியே தெரிவது போலச் சிவந்தால் பசையைச் சந்தேகியுங்கள். கிருமித் தொற்றென்றால் வலி கூடிக்கொண்டே போகும், சீழ், சூடு, காய்ச்சல் சேரும். மூன்றும் ஒன்றாகக் கலந்தும் வரும் என்பதால் கண்ணால் பார்த்தே முடிவு கட்டுவது மருத்துவர்களுக்கே சில நேரம் கஷ்டம்.

எங்கே போடவே கூடாது? ஆழமான குத்துக் காயம், மண் பட்ட காயம், விலங்கு கடித்தது, பெரிய அல்லது ஆழமான தீக்காயம், சர்க்கரை நோயாளியின் பாதப் புண், ஏற்கெனவே சீழ் வைத்தது. பிசின் எதுவும் டெட்டனஸ் தடுப்பூசிக்கு மாற்றல்ல. அந்தக் கிருமிக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும், ஆழமான காயத்தை மேலே பிசினால் அடைப்பது அதற்கு அறை போட்டுக் கொடுப்பது மாதிரி. மரத்திலிருந்து நேரே எடுத்த பிசினில் தூசி, பூஞ்சை விதைகள், பூச்சிக் கால்கள் எல்லாம் இருக்கும். பழசாகக் காற்றுப் பட்டுக் கிடந்தது என்றால் ஒட்டு மீசைக்காரர்களும் அதிகம், "பழசாகப் பழசாக வீரியம் கூடும்" என்பது அந்த அர்த்தத்தில் மட்டும் சரி.

ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் பூசுவதை அன்றே நிறுத்துங்கள். சுற்றியுள்ள நல்ல தோலில் ஒட்டியிருப்பதைத் துளி எண்ணெயோ வாசலினோ தொட்டுத் துடைத்து எடுங்கள், தண்ணீருக்கு மசியாது என்று மேலே பார்த்தோம். உறுதிசெய்ய தோல் மருத்துவர்கள் பேட்ச் சோதனை செய்வார்கள்: முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சந்தேகப் பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி ஒன்றிரண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள். ரோசின் 20 சதவீதத்திலும் பெரு பால்சம் 25 சதவீதத்திலும் வழக்கமான பட்டியலிலேயே இருக்கின்றன. போகும்போது அந்த டியூபையும், அட்டைப்பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் அதையும், ஒட்டிய பிளாஸ்திரியில் ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். என் முதுகில் சிவந்தது ஒரே ஒரு கிண்ணம், ரோசின்.